மணற்பாறையும் மீட்டர் அக்காவும்

அவளை எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர் வாரியத்தின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. வீடுகளிலிருந்து கழற்றிக்கொண்டு வரும் தண்ணீர் மீட்டர்களைப் பிரித்து, பித்தளைக் கூட்டைச் சுரண்டி, தேய்ந்துபோன பல்சக்கரத்தை மாற்றி, தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். பதினெட்டு வருஷமாக அதே பெஞ்சு, அதே ஸ்டூல். நுணுக்கமாக அளவு பார்க்கிற வெர்னியர் எப்போதும் அவள் மேசையிழுப்பறையில் இருக்கும். ஆனாலும் முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அதை எடுப்பாள். அவள் கைக்குப் போன மீட்டர் லேசில் வெளியே வராது என்று மேஸ்திரி சொல்வார். அது பாராட்டா அலுப்பா என்று அவளும் கேட்டதில்லை.

கல்யாணம் ஆகவில்லை. வந்த இடமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போய், கடைசியில் வருவதே நின்றுபோனது. இருந்தது ஒரே தம்பி. அவளைவிட எட்டு வயது இளையவன். மின்சார வாரியத்தில் லைன்மேன். அடுத்த தெருவில் மனைவி, மகளோடு குடியிருந்தான். உயரம் என்றால் அவனுக்குக் கொண்டாட்டம். வாரத்தில் ஆறு நாள் கம்பத்தில் ஏறுகிறவன், ஏழாம் நாள் பாறையில் ஏறப் போனான்.

அந்தப் பாறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனதும் அவன்தான். "கீழே நின்னு கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் வேணும்கா. பாறை ஏறுற கிளப்புல இருக்கறவங்க எல்லாம் பேசிக்கிட்டே பிடிக்கறாங்க" என்றான். ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று போனவள், பன்னிரண்டு வருஷம் போனாள்.

பேருந்தில் ஒன்றரை மணி நேரம். இறங்கி அரைமணி நடந்தால் செம்மண் நிறத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் மணற்பாறை. மேலிருந்து கீழ்வரை கத்தியால் கீறியதுபோல் வெடிப்புகள். அந்த வெடிப்புக்குள் விரலை, உள்ளங்கையை, முஷ்டியைச் செருகித் திருகிக்கொண்டு மேலே போக வேண்டும். பாறையில் துளை போடவோ ஆணி அடிக்கவோ அனுமதி கிடையாது. பாறையைப் பராமரிக்கிற அலுவலகம் அதில் கறாராக இருந்தது. ஆகவே ஏறுகிறவன் தன் இடுப்பில் பாதுகாப்புக் கருவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், நாலைந்து முழத்துக்கு ஒன்றாக வெடிப்பில் சொருகி, அதில் கயிற்றை மாட்டியபடியே ஏறுவான். விழுந்தால் கடைசியாகச் சொருகியது தாங்க வேண்டும். அது பிய்த்துக்கொண்டு வந்தால் அதற்குக் கீழே உள்ளது. அதுவும் வந்தால் அதற்கும் கீழே. எந்த அளவில் எத்தனை கருவி எடுத்துப் போகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இரண்டாவது மாதமே அந்த வேலையை அவள் தன் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை. தம்பி பையைக் கொட்டிக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவதைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. வெடிப்பு குறுகுகிற இடத்தில் ஆப்பு மாதிரி உட்காரும் உலோகக் கட்டிகள் ஒருவகை. அவற்றை நட் என்பார்கள். வெடிப்பு மேலும் கீழும் ஒரே அகலமாக ஓடினால் அவை நிற்காது. அங்கே கேம் வேண்டும். விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் நாலு இதழாக விரிந்து இரண்டு சுவரையும் நெட்டித் தள்ளி நிற்கிற கருவி அது. கருங்கல்லில் கேமுக்கு நிகர் வேறில்லை. ஆனால் மணற்பாறை கருங்கல் இல்லை, மணலை அமுக்கி வைத்த கல். விழுகிற வேகத்தில் அந்த இதழ்கள் பாறையையே அரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மேலிருந்து கயிற்றில் இறங்கி, வெர்னியரை வெடிப்புக்குள் விட்டு முழத்துக்கு முழம் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டாள். அவள் முஷ்டி இறுக்கமாக உட்காருகிற இடத்தில் தம்பியின் உள்ளங்கைதான் போகும் என்பதால், இரண்டு பேர் கைக்கும் தனித்தனி வரிசை. சின்ன அளவு கேம்களை ஒதுக்கினாள். பிடிக்கிற பரப்பு போதாது என்றாள். முடிந்த இடத்திலெல்லாம் ஒரு அளவு பெரியதாக, நன்றாகச் சுருக்கி, மேல்தோலான பொரபொரப்பு தாண்டி உள்ளே வைக்கச் சொன்னாள். சந்தேகம் வந்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று. குறுகல் கண்ணில் பட்டால் கேமை மறந்துவிட்டுப் பெரிய நட்டுகள். பையின் கனம் கூடியது. தம்பி முணுமுணுத்தான். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஏழு தடவை விழுந்தான், ஏழு தடவையும் கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரித்தான். கிளப்பில் எல்லோரும் வெடிப்பின் பேரைச் சொல்லி, "அக்கா, இதுக்கு என்ன எடுத்துட்டுப் போகட்டும்?" என்று அவளிடம் கேட்கிற பழக்கம் வந்தது. கருவிப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியையும் கொடுத்தார்கள். பட்டறையில் பதினெட்டு வருஷத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கிளப்பை நடத்தியவர் ஒரு பள்ளியின் டிரில் மாஸ்டர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்வார். ஆனால் தன் கிளப் என்றால் அவருக்குக் கண் மண் தெரியாது. பாறையின் வடக்கு முகத்தில் அதுவரை யாரும் ஏறாத ஒரு நீள வெடிப்பு இருந்தது. அதைத் தம்பி ஏறுவது, ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுப்பது என்று மாஸ்டர் தேதி குறித்துவிட்டார். அந்தப் படம் வந்தால் கிளப்புக்கு ஆள் சேரும் என்று மாதக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பாறைப் பக்கம் மழை பெய்தது. நகரத்தில் ஒரு தூறல்கூட இல்லை. காலையில் போய்ச் சேர்ந்தபோது பாறையின் முகம் காய்ந்து பளிச்சென்று நின்றது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, அடிவாரத்து மணலை ஒரு குச்சியால் தோண்டினாள். நாலு விரற்கடைக்குக் கீழே மண் கையில் ஒட்டியது. உதிர்ந்து கிடந்த ஒரு துண்டுக் கல்லை எடுத்து நகத்தால் கீறினாள். மாவாக வந்தது.

"இது உள்ள இன்னும் காயல. மூணு நாள் போகணும். ஈரமா இருந்தா பாதி வலுகூட இருக்காது, நான் எதை வச்சு அனுப்பினாலும் நிக்காது" என்றாள்.

மழைக்குப் பிறகு மூன்று நாள் ஏறக்கூடாது என்பது அலுவலகத்தின் விதியும்கூட. ஏறுகிற குழுவின் தலைவர், மூன்று நாளாக மழை இல்லை என்று நுழைவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைய தலைவனான தம்பி உள்ளே வரும்போதே போட்டுவிட்டிருந்தான். நகரத்தில் மழை இல்லையே, அதை நினைத்துப் போட்டதாகப் பின்னால் சொன்னான்.

மாஸ்டர் அவளோடு வாதாடவில்லை. தம்பியைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். பத்திரிகைக்காரர் இன்னொரு முறை வரமாட்டார் என்று சொல்லியிருப்பார். தம்பி திரும்பி வந்தபோதே அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். அதற்குமேல் அவனிடம் பேசிப் பயனில்லை.

"நீ தரலைன்னா மாஸ்டர்கிட்ட ஒரு செட்டு இருக்கு. அதைக் கட்டிக்கிட்டு ஏறிடுவேன்" என்றான்.

மாஸ்டரின் செட்டு அவளுக்குத் தெரியும். எல்லாம் சின்ன அளவு, கருங்கல்லுக்கு வாங்கியது. அவள் பாறையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தாள். பெரிய கேம்களை இரட்டை இரட்டையாக எடுத்து அவன் இடுப்பில் வரிசையாக மாட்டினாள். பதின்மூன்றாம் முழத்தில் ஒரு குறுகல் இருப்பது அவள் குறிப்பில் இருந்தது. இருப்பதிலேயே பெரிய இரண்டு நட்டுகளைக் காட்டி, அங்கே போனதும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான். கயிற்றை அவளே பிடித்தாள். வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

இருபதாம் முழம் வரை அழகாக ஏறினான். கேமராவின் கிளிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதன் பிறகு அவன் கால் வைத்திருந்த விளிம்பு சத்தமில்லாமல் உடைந்தது.

முதல் கேம் பிடித்ததைக் கயிற்றில் உணர்ந்தாள். ஒரு கணம். உடனே இளகியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சட்டையில் பட்டன் தெறிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. சிவப்புத் தூள் அவள் முகத்தில் கொட்டியது. வழியில் துருத்திக்கொண்டிருந்த பாறைப் படியில் அவன் இடுப்பும் வலது காலும் அடித்த சத்தம் கேட்டது. பிறகு குறுகலில் வைத்த அந்த இரண்டு நட்டுகள் பிடித்தன. கயிறு அவளைத் தரையிலிருந்து தூக்கிப் பாறையில் மோதியது. அவன் தலை தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நின்றது.

இடுப்பெலும்பு முறிவு. குதிகால் சுக்கல். ஆறு மாதம் படுக்கை, அதற்குப் பிறகும் பழைய கால் வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் பட்டறைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவாள், வந்ததும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். "அண்ணி, நீங்க கயிறு பிடிச்சதாலதான் உயிரோட இருக்காரு" என்று அந்த முதல் வாரத்தில் பலமுறை சொன்னாள்.

அவள் வீட்டில் அந்த நான்கு கேம்களும் செய்தித்தாள் விரித்த மேசைமேல் இருந்தன. அவள் அவற்றைத் துடைக்கவில்லை. இதழ்களின் இடுக்கில் சிவப்புச் சேறு அப்பியிருந்தது. காய்ந்த பாறையாக இருந்தால் தூள் இருக்கும், சேறு இருக்காது. வெடிப்பின் சுவரில் அவை இழுத்துக்கொண்டு வந்த தடம் இரண்டு வெள்ளைக் கோடாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பாறை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிற அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தாள்.

அதிகாரிக்கு முன்னால் மாஸ்டர் வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். நாற்காலியில் உட்காராமலே பேசினார். ஈரப் பாறையில் ஏறினோம் என்று தெரிந்தால் பாறையை எல்லோருக்கும் மூடிவிடுவார்கள். அதுகூடப் போகட்டும், பதிவேட்டில் கையெழுத்து தம்பியுடையது. பொய் உறுதிமொழி கொடுத்தார் என்று அலுவலகம் அவன் வேலை பார்க்கும் மின்வாரியத்துக்கு எழுதினால், அரசாங்க வேலையில் இருக்கிறவனுக்கு என்ன ஆகும்? கருவித் தேர்வில் நடந்த தவறு என்றால் யார்மேலும் வழக்கு இல்லை. தவறு யாருக்கும் வரும். அந்தத் தாளில், தேவைக்கு மேல் பெரிய அளவுக் கருவிகளைத் தேர்ந்தெடுத்ததால் அவை வெடிப்பில் சரியாகப் பொருந்தவில்லை என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இதுல ஒரு வார்த்தைகூட உண்மை இல்ல, சார்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? உங்களைவிட யாருக்கும்மா இந்தப் பாறை தெரியும்?" என்றார் மாஸ்டர்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி வேண்டாம் என்று சொல்லுவான் என்றுதான் போனாள். அவன் தாளை இரண்டு முறை படித்தான். கூரையைப் பார்த்தான்.

"போட்டுடேன்க்கா. உனக்கு என்ன கொறஞ்சிடப் போகுது?"

அவ்வளவுதான் சொன்னான். கெஞ்சியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவள் அவன் சாப்பாட்டு டிரேயின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து, நான்கு கேம்களையும் குழாயடியில் காட்டிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தாள். சிவப்புத் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு தெளிந்தது.

அதிகாரி வந்தார், தாளைக் கோப்பில் வைத்தார், போனார். கிளப் கூட்டத்தில் மாஸ்டர் அதை வாசித்தார். கருவிப் பொறுப்பிலிருந்து அவள் தானாகவே விலகிக்கொள்வதாகவும் சேர்த்து வாசித்தார். அது அவளுக்கே அப்போதுதான் தெரியும். யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் அவளிடம் முன்னைவிட அன்பாகப் பேசினார்கள், மனசு விட்டுடாதீங்க அக்கா என்றார்கள். ஆனால் அதன் பிறகு ஒருவரும் இதுக்கு என்ன எடுத்துட்டுப் போகட்டும் என்று கேட்கவில்லை. அவள் கற்றுக்கொடுத்தவர்களே பெரிய அளவுகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சின்னதாக மாட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தாள். ஒருமுறை வாயைத் திறந்து சொன்னாள். கேட்டவள் மரியாதையாகச் சிரித்துவிட்டு நகர்ந்துபோனாள். அதற்குப் பிறகு அவள் பாறைக்குப் போகவில்லை.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதில்லை. தம்பி மனைவியின் காதுக்கு அந்தத் தாளின் விஷயம் போனதுதான் பெரிது. யார் சொன்னார்களோ தெரியாது. சொன்னது தம்பியாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தை வீட்டுக்கு வந்துகொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று டியூஷன் வந்தது, சளி பிடித்தது, தோழி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நாலாவது ஞாயிறு அவளே கிளம்பிப் போனாள். தம்பி மனைவி காபி கொடுத்தாள். "கோவமெல்லாம் இல்ல அண்ணி. தெரிஞ்சு செய்வீங்களா? ஆனா அவர் நடக்கறதைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு அதே ஞாபகம் வருது. கொஞ்ச நாள் ஆகட்டும்" என்றாள். வீட்டில் அவளுக்கு எப்போதும் கொடுக்கிற டம்ளர் இல்லை, விருந்தாளிகளுக்கு எடுக்கிற கோப்பை.

அவள் காபியைக் குடித்துவிட்டு, தம்பி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"ஆபீசுல சொல்ல வேண்டாம். கிளப்புல சொல்ல வேண்டாம். அவகிட்ட மட்டும் சொல்லிடு. நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும்" என்றாள்.

சொன்னால், ஈரம் என்று தெரிந்தே ஏறினேன் என்று ஆகிவிடும், பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமல் படத்துக்காக ஏறினேன் என்று ஆகிவிடும் என்றான். அவள் காத்திருந்தாள். அவன் குரல் மாறியது.

"நீ பையைக் குடுத்திருக்கக் கூடாதுக்கா."

"நான் தரலைன்னா மாஸ்டரோட செட்டைக் கட்டிக்கிட்டு ஏறுவேன்னு நீதானே சொன்னே?"

"சும்மா சொன்னேன். அந்தச் செட்டை நம்பி நான் ஏறியிருக்கவே மாட்டேன். நீ ஒண்ணொண்ணா எடுத்து மாட்டினே பாரு, அப்பதான் நினைச்சேன், அக்காவே குடுத்துட்டா, அப்ப பரவால்ல போலன்னு."

அவன் அழவில்லை, கத்தவில்லை. கம்பத்தில் எந்த ஃபியூஸ் போனது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அது உண்மையா, தன்மேல் விழுந்ததை இறக்கி வைக்க இந்த ஆறு மாதத்தில் அவன் கட்டிக்கொண்டதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்து, கதவைத் திறந்து, போயிட்டு வரேன்மா என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

தாளில் இருந்த பழியை அவளால் சுமக்க முடிந்தது. அது பொய் என்பதால் வெளியே ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தம்பி சொன்னது உள்ளே போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்து பல்சக்கரத்தை மாட்டும்போது, தன் கை ஒவ்வொரு கேமாக அவன் இடுப்பில் மாட்டியது நினைவு வரும். எவ்வளவு ஒழுங்காக மாட்டினாள். ஒன்றைக் குறைத்து மாட்டியிருந்தால், கை நடுங்கியிருந்தால், பையைத் தூக்கி ஓடையில் எறிந்திருந்தால். அந்த வருஷம் அவள் கையிலிருந்து வெளியே போன மீட்டர்கள் இரண்டு திரும்பி வந்தன. மேஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் பாறையின் கிழக்குப் பக்கம் ஒரு பெரிய துண்டு தானாகவே சரிந்தது. அலுவலகம் மொத்தப் பாறையையும் நிரந்தரமாக மூடி, முள்வேலி போட்டது. கிளப் கலைந்தது. மாஸ்டர் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். தம்பிக்கு வாரியத்தில் நாற்காலி வேலை கொடுத்தார்கள். கம்பம் ஏறியவன் இப்போது புகார் எழுதிக்கொள்கிறான். அவள் கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றியவற்றில் பாறையும் இல்லை, லைன்மேன் வேலையும் இல்லை. கையெழுத்து மட்டும் ஏதோ ஒரு கோப்பில் பத்திரமாக இருந்தது.

காலம் போகப் போக, தம்பி மனைவிக்குக் கோபம் ஆறியது. குழந்தை மறுபடி வர ஆரம்பித்தாள், வளர்ந்தும் விட்டாள். இப்போது உண்மையைச் சொன்னாலும் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் சொல்வதற்கான நேரம் கடந்துபோயிருந்தது. இனி சொன்னால் அது பழி தீர்ப்பதாக மட்டும்தான் இருக்கும்.

தம்பிக்குப் பதவி உயர்வு வந்த அன்று வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய், தம்பி மனைவி சாதாரணமாக, ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இப்ப கேக்கறதுல ஒண்ணும் இல்ல, அண்ணி. எனக்குப் புரியாததாலதான் கேக்கறேன். அன்னைக்கு ஏன் எல்லாம் பெரிய சைஸா எடுத்தீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். மணல் கல்லுக்குச் சின்னது பத்தாதும்மா என்று ஆரம்பித்து, பரப்பு, ஆழம், குறுகல், ஈரம் என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. தம்பி தன் வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்மா" என்றாள்.

தம்பி மனைவி அவள் தோளை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள். தம்பி மகளைக் கூப்பிட்டு, அத்தைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான்.